எழுதியதும் ஓடுவதும்

ஒரு சர்வருக்கு முகவரி கொடுப்பது ஒரு வரி வேலை. ‘ஐபி அட்ரஸ் ஆட்’ என்று தட்டி, புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களைக் கொடுத்து, ஒரு சாய்கோடு போட்டு வலைப்பின்னலின் அளவைச் சொல்லி, எந்த இன்டர்ஃபேஸ் என்று பெயரையும் சேர்த்து என்டரை அழுத்தினால் முடிந்தது. திரையில் ஒன்றும் வராது. ‘ஆயிற்று’ என்று ஒரு சொல் கிடையாது. யூனிக்ஸ் குடும்பத்தின் பழக்கம் அது. தப்பாகப் போனால் முணுமுணுக்கும், சரியாகப் போனால் வாயைத் திறக்காது.

அந்த முகவரி இப்போது எங்கே இருக்கிறது? கெர்னலின் நினைவில் இருக்கிறது. எந்தக் கோப்பிலும் இல்லை. இயந்திரம் அந்த முகவரியில் கேட்கும், பேசும், பதில் சொல்லும். ஒரு முறை அணைந்து எழுந்தால் அப்படி ஒரு முகவரி இருந்ததற்குத் தடயமே இராது. நிலைக்க வேண்டுமென்றால் கோப்பில் எழுத வேண்டும். டெபியனில் அதற்கு ஓர் இடம், ரெட் ஹாட்டில் வேறோர் இடம், உபுண்டுவில் 2017-க்குப் பிறகு நெட்பிளான் என்று இன்னோர் இடம். எழுதிவிட்டால் மட்டும் போதுமா என்றால் அதுவும் போதாது. ஏதாவது ஒரு நிரல் அதைப் படித்துக் கெர்னலிடம் சொல்லும் வரை அது வெறும் எழுத்துதான். ஆக, எழுதியது ஒன்று, ஓடுவது ஒன்று. சிஸ்கோ ரூட்டர்களில் கை பழகியவர்கள் இந்த இரண்டுக்கும் ‘ஸ்டார்ட்அப் கான்ஃபிக்’, ‘ரன்னிங் கான்ஃபிக்’ என்று தனித்தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். லினக்ஸ் அப்படிப் பெயர் எதுவும் சூட்டவில்லை. இடைவெளி மட்டும் அப்படியே இருக்கிறது.

புதிதாக வேலைக்கு வருபவர்கள் இதை ஒரு குறை என்றே எடுத்துக்கொள்கிறார்கள். மாற்றினால் மாறியபடியே இருக்க வேண்டாமா என்பது அவர்கள் கேள்வி. கைபேசியில் வளர்ந்த தலைமுறைக்கு அது நியாயமான கேள்விதான். எனக்கோ, இந்தத் தொழிலில் யோசித்துச் செய்த காரியங்களில் இந்த இடைவெளிக்கு முதல் வரிசையில் இடம் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அதே இடைவெளிதான் ஊரிலேயே அதிகத் தொல்லை தருவதும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்தத் தொல்லைக்கு ஒரு நாள் குறித்திருக்கிறது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். காலை ஒன்பது முதல் மதியம் இரண்டு வரை இன்னின்ன தெருக்களில் மின்தடை என்று முந்தின நாள் பேப்பரில் வந்துவிடும். 1964-ல் தொடங்கிய பேட்டை இது. லேத் பட்டறை, ஸ்பிரிங் செய்கிறவர், பிளாஸ்டிக் மோல்டிங், ஆயத்த ஆடை என்று சின்னச் சின்ன நிறுவனங்கள் நிறைந்த இடம். ஒவ்வொன்றிலும் கணக்கர் அறை மூலையில், ஃபைல் அலமாரிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே, ஒரு சர்வர் இருக்கும். பக்கத்தில் ஒரு யூபிஎஸ். அதன் பேட்டரி கொஞ்ச நேரம்தான் தாங்கும். வழக்கமான நாட்களில் அதற்குள் ஜெனரேட்டர் வந்து காப்பாற்றிவிடும். ஐந்து மணி நேர மின்தடைக்கு டீசல் செலவு செய்ய முதலாளி யோசிப்பார். சர்வர் அணையும். இரண்டரை மணிக்குக் கரண்டு வந்து, சர்வர் எழுந்து, எல்லா விளக்கும் பச்சையாக எரியும். பில்லிங் நிரல் திறக்காது.

“நேத்து சாயந்தரம் வரைக்கும் ஓடிட்டிருந்துச்சே சார்” என்பார் கணக்கர். அவர் சொல்வதில் பொய்யில்லை. நேற்று வரை ஓடியது. அந்த பில்லிங் நிரல் பழைய முகவரி ஒன்றையே தேடிக்கொண்டிருந்ததால், எப்போதோ ஒருவர் வந்து அதே இன்டர்ஃபேஸில் இரண்டாவதாக ஒரு முகவரியைக் கட்டளை வரியில் சேர்த்துவிட்டுப் போயிருப்பார். வேலை நடந்தது, காபி குடித்தார், கிளம்பினார். கோப்பில் எழுதவில்லை. இப்போது அவர் துபாயிலோ பெங்களூரிலோ இருப்பார். அந்த முகவரி ஓடியது, எழுதப்படவே இல்லை. பேட்டையில் இந்த மாதிரி சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் பராமரிப்பு நாளன்று மதியச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அதே பேட்டைக்குள், சில தெருக்கள் தள்ளி, ஜன்னல் இல்லாத உயரமான கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. என்டிடி தன் இரண்டாவது சென்னை வளாகத்தை 2023-ல் அம்பத்தூரில் திறந்தது. எஸ்டிடி, கன்ட்ரோல்எஸ் போன்ற டேட்டா சென்டர் நிறுவனங்களும் இங்கே இருக்கின்றன. கடலுக்கடியில் வரும் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதும், சிங்கப்பூருக்கான ஐ2ஐ கேபிள் 2002 முதலே இருப்பதும், பேட்டை நிலத்துக்கு மின்சாரம் பழகியிருப்பதும் இதற்குக் காரணங்கள். இந்தக் கட்டடங்களில் கரண்டு போகாது. போகாது என்பதைத்தான் அவர்கள் விற்கிறார்கள். கரண்டு போகாத இடத்தில் எழுதியதும் ஓடுவதும் ஒன்றா என்று சோதிக்கும் நாளும் வராது. ஒரு சர்வர் ஐந்நூறு நாள் அணையாமல் ஓடுகிறது என்று பெருமை பேசுவது ஒரு காலத்தில் இந்தத் தொழிலின் வழக்கம். அந்த எண்ணைப் பார்த்தால் எனக்குப் பயம்தான் வரும். ஐந்நூறு நாளாக அந்தக் கோப்பை யாரும் ஒத்துப்பார்க்கவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. கணக்கர் அறைச் சர்வருக்கு மாதம் ஒரு முறை நடக்கிற பரீட்சை, கோடிகள் போட்டுக் கட்டிய மாளிகையில் நடப்பதில்லை.

முகவரி விஷயத்தில் எழுத்துக்கும் நடப்புக்கும் உள்ள இந்த விலகல் கணினிக்கு மட்டும் உரியதல்ல என்பதற்கு இந்த மேற்குப் புறநகரையே பார்க்கலாம். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-ல் நடைமுறைக்கு வந்தது. ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வகுத்த முறை. 600 என்று தொடங்கினால் சென்னை. அம்பத்தூர் 600053, ஆவடி 600054, பூந்தமல்லி 600056, தொழிற்பேட்டை 600058. முதல் மூன்று இலக்கத்தைப் பார்த்தே வெளியூரில் பையில் போட்டுவிடலாம், கடைசி மூன்றை அங்கே யாரும் பார்க்கத் தேவையில்லை. ஐபி முகவரியில் சாய்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணின் வேலையும் இதுதான். 10.20.5.14/24 என்றால் 32 பிட்டில் முதல் 24 ஊரைச் சொல்கிறது, மீதி 8 வீட்டைச் சொல்கிறது. அந்த ஊரில் 256 எண்கள்; முதலும் கடைசியும் போக 254 வீடுகள்.

நிர்வாகம் மாறிக்கொண்டே இருந்தது. அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, 2018-ல் சென்னை மாவட்டத்துக்கும் வந்தது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சி ஆயிற்று. இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தில். பூந்தமல்லியும் திருவள்ளூர்தான். எழுத்தில் இத்தனை மாற்றம். 600 மட்டும் மாறவில்லை, ஏனென்றால் அது தபால் போகிற வழியைச் சொல்கிறதே தவிர, யாருக்கு வரி கட்டுகிறோம் என்பதைச் சொல்லவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலை 1979-ல் பெரியார் ஈ.வெ.ரா. சாலை ஆனது, இரண்டு பெயரும் இன்றும் ஓடுகின்றன, எதைச் சொன்னாலும் ஆட்டோ போய்ச் சேரும். 1961-ல் தொடங்கிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை 2021 அக்டோபர் 1 முதல் ஆர்மர்ட் வெஹிகிள்ஸ் நிகாம் என்ற நிறுவனத்தின் கீழ் வந்துவிட்டது. ஆவடிக்காரர்கள் வாயில் அது எச்விஎஃப்தான். 1959-ல் வந்த டன்லப் ஆலை பல ஆண்டுகளாக டயர் செய்யவில்லை, ‘டன்லப்’ என்று கேட்டு இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வலைப்பின்னலிலும் இப்படி ஒரு ஞாபகம் உண்டு. எந்த ஐபி முகவரி எந்த நெட்வொர்க் கார்டில் இருக்கிறது என்று பக்கத்து இயந்திரங்கள் குறித்துவைத்துக்கொள்ளும். 1982-ல் டேவிட் பிளம்மர் எழுதிய ஏஆர்பி என்ற நெறிமுறையின் வேலை அது. ஒரு முகவரியை ஒரு சர்வரிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்தால், பழைய குறிப்பை வைத்திருக்கும் ரூட்டர் கொஞ்ச காலம் பழைய வாசலுக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். சிஸ்கோ ரூட்டரில் எதுவும் மாற்றாமல் விட்டால் அந்த ஞாபகத்தின் ஆயுள் நான்கு மணி நேரம். புது இயந்திரம் தானாகவே ‘இனி இது நான்’ என்று ஒரு முறை அறிவித்தால் உடனே தீரும். அறிவிக்கச் சொல்ல மறப்பதுதான் வழக்கம்.

சரி, ஓடுவதைப் பார்ப்பது எப்படி? ‘ஐபி அட்ரஸ் ஷோ’ என்று கேட்டால் இயந்திரம் தன் வாசல்களை வரிசையாகச் சொல்லும். முதலில் ‘லோ’, தன்னோடு தானே பேசிக்கொள்ளும் வாசல், முகவரி 127.0.0.1. ஊரே துண்டிக்கப்பட்டாலும் அது இருக்கும். அடுத்து உண்மையான கார்டுகள். முன்பெல்லாம் எத்0, எத்1 என்று பெயர் இருக்கும். கெர்னல் எதை முதலில் கண்டதோ அது 0. ஒரு ரீபூட்டில் வரிசை மாறினால் இரண்டு கார்டும் பெயரை மாற்றிக்கொள்ளும். வெளியுலகத்துக்கான கேபிள் உள் வலைப்பின்னலின் முகவரியோடு நிற்கும். 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197 இதற்கு முடிவு கட்டி, கார்டு எந்த இடத்தில் செருகப்பட்டிருக்கிறதோ அதை வைத்துப் பெயர் கொடுத்தது. இஎன்பி3எஸ்0 என்றால் ஈத்தர்நெட், பிசிஐ பஸ் 3, ஸ்லாட் 0. வாயில் நுழையாத பெயர்தான். ஆனால் நம்பலாம்.

பெயருக்குப் பக்கத்தில் கோண அடைப்புக்குள் சில சொற்கள் வரும். அதில் ‘அப்’ என்று ஒன்று, ‘லோயர் அப்’ என்று இன்னொன்று. அவசரத்தில் பார்க்கிறவர்கள் இரண்டும் ஒன்று என்று தாண்டிப்போவார்கள். ‘அப்’ என்பது நாம் அந்த வாசலைத் திறந்து வை என்று சொல்லியிருக்கிறோம் என்பது. ‘லோயர் அப்’ என்பது அந்தப் பக்கம் கேபிள் இருக்கிறது, மறுமுனையில் யாரோ உயிரோடு இருக்கிறார்கள் என்பது. முன்னது விருப்பம், பின்னது நிலவரம். கேபிள் உருவப்பட்டிருந்தால் ‘அப்’ அப்படியே நிற்கும், ‘லோயர் அப்’ மறைந்து ‘நோ கேரியர்’ என்று வரும். ஆக எழுதியது, கேட்டது, நடப்பது என்று உண்மைக்கு மூன்று தட்டு. இந்த ஒரு வரியைச் சரியாகப் படிக்கத் தெரிந்தவரை நான் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்கு எடுப்பேன்.

பார்ப்பதற்கான கருவியே கண்ணை மறைப்பதும் உண்டு. ஐஎஃப்கான்ஃபிக் என்ற கட்டளை 1983-ல் பெர்க்லியின் 4.2பிஎஸ்டியோடு வந்தது. ஒரு வாசலுக்கு ஒரு முகவரி என்ற காலத்துச் சரக்கு. லினக்ஸில் அலெக்ஸி குஸ்நெட்சோவ் எழுதிய ஐபிரூட்2 தொண்ணூறுகளின் இறுதியிலேயே வந்துவிட்டது. ரெட் ஹாட் 2014-லும் டெபியன் 2017-லும் பழைய கட்டளையை அடிப்படை நிறுவலிலிருந்து எடுத்துவிட்டன. இருந்தாலும் முதல் வேலையாக அதைத் தனியாக நிறுவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள் நம்மில் பலர், விரல் பழக்கம். சிக்கல் என்னவென்றால், புதிய கட்டளையால் இரண்டாவதாகச் சேர்த்த முகவரியை, அதற்கு லேபிள் ஒட்டாவிட்டால், பழைய கட்டளை காட்டாது. முகவரி ஓடிக்கொண்டிருக்கும், பார்ப்பவர் கண்ணுக்கு இல்லை. கணக்கர் அறையில் துப்புத் துலக்க வந்தவர் ஐஎஃப்கான்ஃபிக் போட்டுப் பார்த்துவிட்டு ‘ஒரு ஐபிதான் இருக்கு’ என்று சத்தியம் செய்வது இதனால்தான்.

இரண்டு கருவிகளும் மௌனமாக வைத்திருக்கும் அனுமானங்களும் வேறு. சாய்கோட்டையும் அளவையும் கொடுக்க மறந்தால் ஐஎஃப்கான்ஃபிக் எண்பதுகளின் வகுப்புப் பிரிவை நினைத்துக்கொண்டு, 10-ல் தொடங்குகிறதா, அப்படியானால் ஒன்றேமுக்கால் கோடிக்குக் கொஞ்சம் குறைவான முகவரிகளும் என் அண்டை வீடுதான் என்று எடுத்துக்கொள்ளும். அந்த வகுப்புப் பிரிவையே 1993-ல் கைவிட்டாயிற்று என்பது அதற்குத் தெரியாது. ‘ஐபி’ கட்டளையோ /32 என்று எடுத்துக்கொள்ளும். முகவரி உண்டு, அண்டை வீடு ஒன்றுகூடக் கிடையாது. முன்னது ஊரையே உறவு என்கிறது, பின்னது யாரும் வேண்டாம் என்கிறது. எனக்கு இரண்டாவதே மேல். அதில் தவறு உடனே தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் இயந்திரத்தின் எதிரே உட்கார்ந்திருந்தால். உண்மையில் அப்படி யாரும் உட்காருவதில்லை. ஆவடியில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்துகொண்டு, தொழிற்பேட்டையில் இருக்கும் சர்வரின் முகவரியை, அந்த முகவரி வழியாகவே உள்ளே போய் மாற்ற வேண்டியிருக்கும். பழைய முகவரியை எடுத்த நொடியில் திரை உறையும். பிழைச் செய்தி வராது, கர்சர் மட்டும் நிற்கும். இணைப்பு செத்துவிட்டது என்று நம் பக்கத்து இயந்திரத்துக்கே தெரியாது. அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். லினக்ஸில் அது முற்றாகக் கைவிட ஏறத்தாழ பதினைந்து நிமிடம் ஆகும்.

அதனால் இந்தத் தொழிலில் வரிசை முக்கியம். முதலில் புதியதைச் சேர். பழையதை விடாமலேயே, புதியதன் வழியாக இன்னொரு ஜன்னலில் உள்ளே வா. வந்துவிட்டால், அங்கிருந்துகொண்டு பழையதை எடு. இதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரே சப்நெட்டில் இரண்டு முகவரி இருந்தால் முதலில் வந்தது மூத்தது, அடுத்தது துணை. மூத்ததை எடுத்தால் துணைகளையும் கெர்னல் சேர்த்தே எடுத்துவிடும், ‘துணையை உயர்த்து’ என்ற அமைப்பு முன்பே இயக்கப்பட்டிருந்தால் ஒழிய. நல்ல வேளையாக இப்போதைய லினக்ஸ் வெளியீடுகள் பலவற்றில் அது இயக்கியே வருகிறது. வரும் என்று நம்பிக் கை வைக்கக் கூடாது. இன்னொரு கண்ணி, வாசலை ஒரு முறை மூடித் திறப்பது. மூடினால் அதன் வழியாகப் போன பாதைகள் எல்லாம் அழியும். திறந்தால் ஐபி முகவரி இருக்கும், தெருவுக்குள் போகும் பாதை திரும்ப வரும், கையால் கொடுத்த கேட்வே மட்டும் வராது. சர்வர் பக்கத்து சர்வர்களோடு பேசும், ஊர் தாண்டிப் பேசாது. தெரிந்தவர்கள் இந்த நிலையில் பதறுவதில்லை. அதே ரேக்கில் இருக்கும் வேறொரு சர்வருக்குள் போய், அங்கிருந்து இதன் கதவைத் தட்டிப் பாதையைப் போட்டுவிட்டு வருவார்கள்.

இப்போது அந்த இடைவெளிக்கு வருகிறேன். கோப்பில் பழையது எழுதியிருக்கிறது. ஓடுவதை மாற்றப் போகிறோம். தொடுவதற்கு முன்னால் ‘இன்னும் பத்து நிமிடத்தில் ரீபூட் ஆகு’ என்று சர்வரிடம் சொல்லிவிட வேண்டும். பிறகு மாற்றத்தைச் செய். உள்ளே வர முடிந்தால் அந்த ரீபூட்டை ரத்து செய்துவிட்டுக் கோப்பையும் திருத்து. வர முடியாவிட்டால் ஒன்றும் செய்யாதே, காத்திரு. பத்து நிமிடத்தில் சர்வர் அணைந்து எழும், எழுதிய பழையதைப் படிக்கும், பழைய வாசல் திறக்கும். சிஸ்கோகாரர்கள் ‘ரீலோட் இன்’ என்று இதைத்தான் செய்தார்கள். ஜூனிப்பர் ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ என்று கட்டளையாகவே வைத்தது; சும்மா விட்டால் அதற்கும் பத்து நிமிடம். நெட்பிளானில் ‘ட்ரை’ என்று ஒன்று இருக்கிறது. மாற்றத்தை ஓடவிட்டு 120 நொடி காத்திருக்கும். அதற்குள் நீங்கள் என்டரை அழுத்தினால் ஏற்றுக்கொள்ளும். அழுத்தாவிட்டால் பழையபடி ஆக்கிவிடும். இதில் உள்ள அழகு, என்டரை அழுத்த வேண்டுமென்றால் இணைப்பு இருந்தாக வேண்டும். இணைப்பு போய்விட்டவரால் ‘சரியில்லை’ என்று சொல்ல முடியாது. அவர் சொல்ல வேண்டியதும் இல்லை.

நம் அலுவலகங்களில் ஒரு வாசகம் உண்டு. இத்தனை நாளுக்குள் ஆட்சேபணை வராவிட்டால் ஒப்புதல் உள்ளதாகக் கருதப்படும். மனை வரைபடத்திலிருந்து சங்கத் தேர்தல் வரை பார்த்திருக்கிறோம். கடிதமே போய்ச் சேராதவரும் சம்மதித்தவர் கணக்கில் வந்துவிடுவார். அந்த 120 நொடியை வகுத்தவர்கள் கணக்கைத் தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள். பதில் இல்லையென்றால், ஆள் வெளியே மாட்டிக்கொண்டான் என்று பொருள். மென்பொருள் நாகரிகத்தைப் பற்றி என்னிடம் யாராவது கேட்டால் முதலில் சொல்வது இதைத்தான்.

பெரிய இடத்தில் இது தவறினால் என்ன ஆகும் என்பதை 2021 அக்டோபர் 4 அன்று உலகம் பார்த்தது. ஃபேஸ்புக்கின் வழக்கமான பராமரிப்பு வேலையில், முதுகெலும்பு வலைப்பின்னலின் கொள்ளளவைச் சோதிக்க நினைத்துக் கொடுத்த ஒரு கட்டளை, அதன் எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டது. ஆபத்தான கட்டளைகளைத் தடுக்க ஒரு தணிக்கை நிரல் இருந்தது. அதிலிருந்த பிழையால் அது தடுக்கவில்லை. ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் இல்லாமல் போயின. அவசரத்துக்கென்று வைத்திருந்த மாற்று வழியும் வேலை செய்யாததால் பொறியாளர்கள் டேட்டா சென்டருக்கே நேரில் போக வேண்டியிருந்தது. அன்று நம் ஊரில் வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்று ரூட்டரை அணைத்து அணைத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர்.

நேரில் போவது எப்போதும் முடிகிற காரியமும் அல்ல. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் நின்றது. பட்டறைகளில் இயந்திரங்கள் மூழ்கின. கைபேசிக் கோபுரங்கள் அடங்கின. மாற்று வழி என்று நாம் சொல்வது இந்த மாதிரி நாட்களுக்காகத்தான். சர்வருக்குள்ளேயே குடியிருக்கும் இன்னொரு குட்டிக் கணினி, தனி கார்டு, தனி முகவரி. ஐபிஎம்ஐ என்ற பெயரில் 1998-ல் இன்டெல் முன்னின்று கொண்டுவந்த ஏற்பாடு. பிரதான இயந்திரம் செத்துக்கிடந்தாலும் இது விழித்திருக்கும். அதன் முகவரியையும் ஒருவர் எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது வேறு கதை.

ஒரே முகவரியை இரண்டு பேர் எடுத்துக்கொண்டால்? ஐபிவி4-ல் ‘ஐபி’ கட்டளை யாரையும் கேட்காது. நீங்கள் சொன்னால் வைத்துக்கொள்ளும். அதே முகவரியோடு பக்கத்தில் ஒரு பிரின்டர் ஏற்கெனவே இருந்தால் இருவருக்கும் மாறி மாறித் தபால் போகும். ஐபிவி6-ல் முகவரியை எடுக்குமுன் ‘இந்தப் பெயரில் இங்கே யாராவது இருக்கிறீர்களா’ என்று ஊரைக் கேட்டுவிட்டு, பதில் வராத பிறகே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மொத்தம் 429 கோடி முகவரிகள் கொண்ட பழைய முறையின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது, ஆசியாவுக்கான கையிருப்பு அந்த ஏப்ரலில் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. நாம் இன்னும் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பது 1996-ல் தனிப்பட்ட உபயோகத்துக்கென்று ஒதுக்கிய எண்களால். தொழிற்பேட்டையில் 192.168.1.10 என்ற முகவரி எத்தனை கணக்கர் அறைகளில் இருக்கிறதோ, ஒன்றுக்கொன்று தெரியாமல்.

இப்போது கணக்கர் அறைச் சர்வர்களும் ஒவ்வொன்றாகக் கிளவுடுக்குப் போகின்றன. மைக்ரோசாஃப்ட் அஸ்யூரின் தென்னிந்திய மையம் 2015 முதல் சென்னையிலேயே இருக்கிறது. ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து வருகிற பிள்ளைகள் நேராக அங்கேதான் கற்றுக்கொள்கிறார்கள். வெளியுலகிலிருந்து ஒரு முகவரியைக் கொடுத்து உள்ளே வருவார்கள். வந்ததும் ‘ஐபி அட்ரஸ் ஷோ’ போடச் சொல்வேன். அவர்கள் வந்த முகவரி அங்கே இருக்காது. 10-ல் தொடங்கும் வேறு ஏதோ ஒன்று இருக்கும்.

“சார், நாங்க வந்த ஐபி இதுல இல்லையே. அப்ப இந்த மெஷினுக்குத் தன்னோட அட்ரஸே தெரியாதா?”

தெரியாது. ஊர் அழைக்கும் முகவரி அந்த இயந்திரத்தில் எழுதப்படவும் இல்லை, ஓடவும் இல்லை. வழியில் வேறெங்கோ ஒருவர் ஒன்றை மற்றொன்றாக மாற்றி உள்ளே விடுகிறார். தெரிந்துகொள்ள வேண்டுமானால் 169.254.169.254 என்ற முகவரியிடம் கேட்க வேண்டும். பெரிய கிளவுட் நிறுவனங்கள் பலவும் இதற்கு அதே எண்ணைத்தான் வைத்திருக்கின்றன. 169.254 என்று பார்த்ததும் பிள்ளைகள் சிரிப்பார்கள். விண்டோஸ் கணினிக்கு யாரும் முகவரி கொடுக்காதபோது அது தானே சூடிக்கொள்ளும் எண் வரிசை அது. கல்லூரி லேபில் நெட் வேலை செய்யாததன் அடையாளமாகவே அவர்களுக்குப் பழக்கம். கேட்டுப் பார்ப்பார்கள். ஒரு வரியில் பதில் வரும், உடனே நோட்டில் குறித்துக்கொள்ளப் போவார்கள். குறிக்காதீர்கள், தனியாகக் காசு கொடுத்து ஒதுக்கி வைக்காவிட்டால் மெஷினை நிறுத்தி எழுப்பும்போது அது மாறிவிடும், தேவைப்படும்போது கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்ததாக ஃபயர்வாலுக்குப் போவோம்.